வாட்டம் முதலில், பூச்சு பிறகு

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடி ஒன்றில் அந்த ஒரே நாளில் விழுந்த தண்ணீர் 49,000 லிட்டர். அவ்வளவும் மூன்று நான்கு குழாய் வாய்களைத் தேடிப்போய் இறங்கியாக வேண்டும். ஓட்டு வீட்டில் இந்த வேலையைச் சரிவே பார்த்துக்கொள்கிறது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருந்தாலும், தண்ணீருக்கு அங்கே நின்று யோசிக்க நேரமில்லாததால் அது உள்ளே வருவதில்லை. வற்றல் காயவைக்க, துணி உலர்த்த, தண்ணீர்த் தொட்டி ஏற்ற, கோடை இரவில் பாய் விரிக்க, நாளைக்கு இன்னொரு மாடி எழுப்ப என்று பல காரணங்களுக்காக நாம் அந்தச் சரிவைக் கைவிட்டோம். அதற்கு ஈடாக எதை வைப்பது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான் தட்டைக் கூரைத் தொழில்நுட்பம் முழுவதும்.

இன்று கடையில் கேட்டால் கிடைக்கும் பதில் ஒரு பொருளின் பெயராக இருக்கும்: தார் ஷீட், அக்ரிலிக் பூச்சு, பாலியூரித்தேன், ரப்பர் விரிப்பு, கூல் ரூஃப் டைல். எது உசத்தி என்ற விவாதமும் அந்தப் பெயர்களுக்குள்ளேயே சுற்றும். ஆனால் ஒழுகிய கூரைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் காண்பது வேறு. நல்ல பொருள் போட்ட கூரையும் ஒழுகியிருக்கிறது; வெறும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட கூரை இரண்டு தலைமுறை தாங்கியும் இருக்கிறது. தட்டைக் கூரைக்கு மூன்று வேலைகள் உண்டு: விழுந்த தண்ணீரை வெளியே அனுப்புவது, அதையும் மீறித் தங்குவதைத் தடுப்பது, தடுக்கும் அடுக்கை வெயிலிலிருந்தும் காலடியிலிருந்தும் காப்பது. இந்த மூன்றையும் தனித்தனி அடுக்குகளுக்குப் பிரித்து, இதே வரிசையில் கொடுத்தால் சாதாரணப் பொருளும் நீடிக்கும். மூன்றையும் ஒரே பூச்சின் தலையில் கட்டினால் விலை உயர்ந்த பொருளும் சில ஆண்டுகளில் கைவிரித்துவிடும்.

முதல் வேலையிலிருந்து தொடங்குவோம். தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்க அழுத்தம் தேவைப்படுவதில்லை, நேரம் போதும். ஒரு செ.மீ. ஆழத்துக்குத் தேங்கிய தண்ணீர் சதுர மீட்டருக்குப் பத்து கிலோதான். எந்தத் தளத்துக்கும் அது பாரமே இல்லை. ஆனால் அந்த ஒரு செ.மீ. மூன்று நாள் நின்றால், தலைமுடி அகல வெடிப்பு ஒவ்வொன்றிலும் நுண்துளை ஈர்ப்பால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதே மழை பத்து நிமிடத்தில் வழிந்தோடிவிட்டால் அந்த வெடிப்புகளின் வாய் மட்டும் நனைந்து, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்று சொல்லும் அந்தச் சிறு சரிவின் மதிப்பு இதுதான். அமெரிக்கக் கட்டட விதிகள் பெரும்பாலான தட்டைக் கூரைகளுக்கு ஓர் அடிக்குக் கால் அங்குல வாட்டம் கேட்கின்றன. ஏறக்குறைய 1-க்கு 50. பிரிட்டனின் பி.எஸ். 6229 தரநிலை இன்னும் நுட்பமானது. கட்டி முடித்த கூரையில் 1-க்கு 80 கிடைக்க வேண்டும். அதற்காக வரைபடத்தில் 1-க்கு 40 என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறது. சாரம் தாழும், தளம் நடுவில் தொய்யும், மட்டம் பார்ப்பவர் கண் தவறும். இந்தப் பிழைகள் எல்லாம் பாதி வாட்டத்தைத் தின்றுவிடும் என்பதை அந்த விதி முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

நம் ஊரில் ஆர்.சி.சி. தளத்தை மட்டமாகவே போடுகிறோம். கீழிருந்து பார்த்தால் சீலிங் சாய்ந்து தெரியக் கூடாது. மேலே இன்னொரு மாடி கட்டினால் இதுவே தரையாக வேண்டும். ஆகவே வாட்டத்தைத் தளத்துக்கு மேலே தனி அடுக்காகத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. பத்து மீட்டர் நீளத்துக்கு 1-க்கு 80 என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உயர வித்தியாசம் பன்னிரண்டரை செ.மீ. குழாய் வாய் ஒரே பக்கம் இருந்தால் இவ்வளவு கனம் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும் குழாய் வைத்து நடுவில் மேடு எழுப்பினால் பாதி போதும். கூரையின் எடையும் செலவும் குழாய்களை எங்கே வைப்பது என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. ஆனால் பல வீடுகளில் அதைப் பூச்சு வாங்கப் போகும்போதுதான் யோசிக்கிறார்கள். அதற்குள் குழாய்கள் சுவருக்குள் புதைந்துவிட்டிருக்கும்.

அடுத்தது அசைவு. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு விரியும். சித்திரை வெயிலில் 55 டிகிரிக்குக் காய்ந்த பத்து மீட்டர் தளத்தின் மேல் திடீர் மழை பெய்து 25 டிகிரிக்கு இறங்கினால், அது மூன்று மி.மீ. சுருங்கப் பார்க்கும். சுவரும் கைப்பிடிச் சுவரும் அதே அளவு சூடாகவில்லை. அவை அசைய மறுக்கும். இழுபறி எங்கே தீர்கிறதோ அங்கே வெடிப்பு. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, கான்கிரீட்டை நிறுத்தி மறுநாள் தொடர்ந்த இணைப்பு, குழாய் துளைத்து வந்த இடம் ஆகியவற்றில்தான் கூரைகள் ஒழுகத் தொடங்குகின்றன. பரந்த நடுப்பகுதியில் மிக அரிது. வெடிப்பு வழியே இறங்கும் ஈரமும் காற்றும் கம்பியைத் தொட்டால் கதை வேறாகிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை குறையும் இடத்தில் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், அது அடிப்பக்கக் காரையை நெம்பிப் பெயர்க்கிறது. படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு சில்லு விழுந்து கம்பி தெரியும்போது நாம் பார்ப்பது பல ஆண்டுகளுக்கு முன் மேலே தொடங்கிய ஒன்றின் கடைசிக் கட்டத்தை.

பூச்சு டப்பாக்களில் ‘300 சதவீதம் நீளும்’ என்று எழுதியிருப்பதை இந்த வெடிப்போடு சேர்த்து யோசிக்க வேண்டும். வெடிப்பு தோன்றுவதற்கு முன் அதன் அகலம் சுழியம். தோன்றியபின் ஒரு மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுழியத்திலிருந்து ஒன்றாவது எத்தனை சதவீதம்? கணக்குப்படி அதற்கு எல்லையே இல்லை. கான்கிரீட்டோடு இறுக ஒட்டிய மெல்லிய பூச்சில், வெடிப்புக்கு நேர் மேலே இருக்கும் நூலளவு பகுதி மட்டுமே அந்த நீட்சி முழுவதையும் தாங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பகுதி ஒட்டிக்கொண்டிருப்பதால் உதவிக்கு வர முடியாது. ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் வெடிப்பின் மேல் ஒட்டாத நாடா ஒன்றை முதலில் பதித்து, அதன் மேல் வலைத்துணி வைத்துப் பூசுகிறார்கள். அப்போது நீட்சி நாடாவின் முழு அகலத்துக்கும் பரவுகிறது, ஒரு மி.மீ. அசைவு ஐந்து செ.மீ. அகலத்தில் இரண்டு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. பொருள் மாறவே இல்லை. போட்ட விதம்தான் மாறியது.

வாட்டம், அசைவு என்ற இந்த இரண்டு அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு கூரை வகைகளைப் பார்க்கலாம். ஆங்கிலேயர் காலத்தில் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையைக் கொத்தனார்கள் கட்டைக்குத்து என்பார்கள். இந்தியத் தரநிலை ஆவணமான ஐ.எஸ். 2119-இன் தலைப்பிலேயே மெட்ராஸ் டெரஸ் என்ற பெயர் இருக்கிறது. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றுக்கு இடையில் ஓர் அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் மூலைவாட்டமாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு தேவையில்லை. முன்பு வைத்த கல்லில் ஒட்டி அடுத்த கல் நிற்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பது வழக்கம். அடித்த கட்டை தழும்பு விடாமல் துள்ளித் திரும்பும்வரை வேலை நிற்காது. பிறகு தட்டோடுகள், அவற்றின் மேல் மெருகிட்ட காரை.

இந்தக் கூரையில் தண்ணீர் புகாத சவ்வு என்று எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது நம்பியது வேறு மூன்றை. முதலாவது, ஜல்லி அடுக்கிலேயே வடித்த வாட்டம். இரண்டாவது, பொறுமையாக இறுகும் சுண்ணாம்பு. ஈரமாக இருக்கும்போதே நாள்கணக்கில் அடிப்பதால் சுருக்க வெடிப்புகள் தோன்றத் தோன்ற மூடப்படுகின்றன. சுட்ட செங்கல்லின் சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீரிலும் கரையாத பிணைப்பைத் தருகிறது. ரோமானியர்கள் உடைந்த ஓட்டுத் தூளைச் சுண்ணாம்பில் கலந்து தொட்டிகளுக்குப் பூசியதும் இதே வேதியியலை நம்பித்தான். பின்னாளில் நுண்ணிய வெடிப்பு விட்டால்கூட, ஊறும் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து வந்து வெடிப்பிலேயே படிய வைக்கும். மூன்றாவது, கனம். பெய்த மழையில் ஊறியது கீழே இறங்கிச் சேருமுன் வெயில் வந்து அதை மேலேயே உலர்த்திவிடும். அடைத்து நிறுத்துவதற்குப் பதிலாக ஊறவிட்டு உலரவிடும் ஏற்பாடு இது. சுவருக்குள் புகுந்த உத்தரத்தின் நுனிதான் இதன் பலவீனம். அங்கே தங்கும் ஈரத்தில் மரம் உளுத்துப்போகும், கறையான் ஏறும்.

கான்கிரீட் தளம் வந்தபோது மரமும் நிறுத்திய செங்கல்லும் போயின. மேலே இருந்த ஜல்லியும் தட்டோடும் மட்டும் சுருக்கி என்ற பெயரில் பிழைத்தன. தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் வேலை விவரத்தில் அது பல பத்தாண்டுகளாக ஒரே வடிவில் இருந்துவருகிறது: 20 மி.மீ. உடைத்த செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு, மணல் கிடையாது, மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். அதன் மேல் ஒன்பது அங்குலச் சதுரத் தட்டோடுகள். ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில், சிமென்ட் எடையில் பத்தில் ஒரு பங்கு கச்சா எண்ணெய் சேர்த்து ஓடு பதித்து, அதே கலவையால் சந்து அடைப்பார்கள். எண்ணெய் கலந்த காரை தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. மூன்று வேலைகளில் இரண்டை இந்தக் கூரை நன்றாகவே செய்கிறது. ஜல்லி வாட்டம் தருகிறது. ஓடும் ஜல்லியும் சேர்ந்து கான்கிரீட்டை வெயிலில் அடிபடாமல் மறைப்பதால் தளம் விரிந்து சுருங்குவதும் குறைகிறது. தடுக்கும் வேலையை மட்டும் ஓட்டுச் சந்துகளில் இருக்கும் விரல் அகலக் காரையை நம்பி விட்டிருக்கிறோம். அந்தக் காரை சில ஆண்டுகளில் பெயரும், அரசங்கன்று முளைக்கும், கீழே ஜல்லி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அடிக்க ஆள் கிடைக்காமல் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் போட்டு ஜல்லியை ஒரே நாளில் முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிமென்ட் சீக்கிரம் இறுகி, சுருங்கி, வெடிக்கும். அடித்து மூட அவகாசமே இல்லை. பெயர் மட்டும் சுருக்கி என்று இருக்கும். வேலை செய்த பொருள் அதில் இல்லை.

தார் விரிப்பு இதற்கு நேர் எதிர்த் தத்துவம். ஊறுவதும் உலர்வதும் வேண்டாம், அடியோடு தடுத்துவிடு என்பது அதன் கொள்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தாரில் ஊறிய அட்டைகளைக் காய்ச்சிய தாரால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே கூழாங்கல் கொட்டும் முறை பரவியது. ஓர் அடுக்கு தவறினால் அடுத்தது காக்கும் என்பதும், கல் வெயிலை மறைக்கும் என்பதும் அதன் பலம். இன்று நாம் காண்பது பாலியஸ்டர் துணியை நடுவில் வைத்த மூன்று, நான்கு மி.மீ. கனமுள்ள சுருள். தாரோடு ஏ.பி.பி. என்ற பிளாஸ்டிக்கைக் கலந்தால் அது வெயிலில் இளகி வழியாது, எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் வகையைக் கலந்தால் குளிரிலும் வளையும். வெப்ப நாடுகளில் முதலாவதும் குளிர்நாடுகளில் இரண்டாவதும் அதிகம் புழங்குவதற்குக் காரணம் இதுவே. தளத்தைத் துடைத்து, பிரைமர் பூசி, காய்ந்தபின் கேஸ் பர்னரின் தீ நாக்கால் சுருளின் அடிப்பக்கத்தை இளக்கிக்கொண்டே உருட்டிப் போவார்கள். ஒரு சுருள் அடுத்ததன் மேல் பக்கவாட்டில் பத்து செ.மீ., முனையில் பதினைந்து செ.மீ. ஏற வேண்டும். தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி மேடு நோக்கிப் போட்டால்தான் ஓடும் தண்ணீர் ஒட்டின் வாயைப் பார்த்து வராது. ஏறிய ஓரத்தில் இளகிய தார் மெல்லிய கரும் கோடாக வெளியே பிதுங்கி நிற்க வேண்டும். அந்தக் கோடு தொடர்ந்து தெரிந்தால் ஒட்டு பிடித்தது என்று பொருள். விட்டுவிட்டுத் தெரிந்தால் அந்த இடைவெளிகளில்தான் பிறகு தண்ணீர் நுழையும். கைப்பிடிச் சுவரில் விரிப்பைச் செங்குத்தாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும். ஆகவே முதலில் மூலையில் சரிவாகக் காரை பூசி, அதன் மேல் வளைத்து, குறைந்தது பதினைந்து செ.மீ. சுவரில் ஏற்றி, சுவரில் வெட்டிய காடிக்குள் நுனியைச் செருகிப் பூச வேண்டும்.

தார் விரிப்பின் சோதனை அதன் அடியில் தங்கிய ஈரம். மழைவிட்ட மறுநாள் அவசரமாகப் போட்டால், காரையில் இருக்கும் தண்ணீர் விரிப்புக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. 25 டிகிரியில் நீராவியின் அழுத்தம் சிறிது. 60 டிகிரியில் அது ஆறு மடங்குக்கு மேல் ஏறுகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட விசை விரிப்பைக் கீழிருந்து தள்ளும். ஒட்டு சரியாகப் பிடிக்காத இடத்தில் கொப்புளம் எழும். அதன் மேல் கால் பட்டால் கிழியும். இதைத் தவிர்க்கக் கருவி எதுவும் வேண்டாம். முந்தைய மாலையில் ஒரு சதுர முழம் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டிவைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் வியர்த்திருக்கிறதா என்று தெரியும். வியர்த்திருந்தால் வேலை தள்ளிப்போக வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: கறுப்பு. மறைப்பில்லாத தார் கோடையில் 70 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்; புற ஊதாக் கதிர் அதன் எண்ணெய்ப் பசையை உலர்த்திப் பாளம் பாளமாக வெடிக்க வைக்கும். தடுக்கும் வேலையைத் திறமையாகச் செய்யும் இந்தப் பொருளுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது.

பெரிய கிடங்குகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கூரைகளில் ஒற்றை விரிப்புகள் ஆட்சி செய்கின்றன. ஈ.பி.டி.எம். என்பது வல்கனைஸ் செய்த ரப்பர். பதினைந்து மீட்டர் அகலத்துக்குக்கூட ஒரே துண்டாகக் கிடைப்பதால் ஒட்டுகள் குறைவு. ஆனால் வல்கனைஸ் ஆன ரப்பர் மீண்டும் உருகாது, ஆகவே ஒட்டுகளைப் பசையாலோ நாடாவாலோதான் சேர்க்க முடியும். பி.வி.சி., டி.பி.ஓ. இரண்டும் வெப்பத்தில் உருகுபவை. சூடான காற்றை ஊதி இரு ஓரங்களையும் ஒன்றாகவே ஆக்கிவிடலாம். ஒட்டு விஷயத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் அமெரிக்காவில் நடந்தவை எச்சரிக்கின்றன. உள்ளே துணி வைக்காத ஆரம்பகால பி.வி.சி. கூரைகள், மென்மையூட்டி மெல்ல வெளியேறிவிட்டதால், கடுங்குளிர் நாள்களில் கண்ணாடிபோல் நொறுங்கின. 1990களில் வந்த முதல் தலைமுறை டி.பி.ஓ. விரிப்புகள் சிலவும் சூட்டிலும் வெயிலிலும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெடித்தன. பிறகு கலவையைத் திருத்தினார்கள். ஆய்வகத்தில் நல்ல பெயர் வாங்கிய பொருளுக்குக் கூரையில் இருபது ஆண்டு கழித்தே உண்மையான மதிப்பெண் கிடைக்கிறது. வெயிலில் நேரடியாகக் கிடக்கும் ஒற்றை அடுக்குக்கு, அந்த மதிப்பெண் வரும்வரை பின்னால் துணை யாரும் இல்லை.

நம் வீடுகளில் இப்போது அதிகம் காண்பது உருளையால் தேய்க்கும் திரவப் பூச்சு. இதன் கவர்ச்சி நியாயமானது: ஒட்டே இல்லை, எந்த மூலைக்கும் வளையும், எடை இல்லை, வெள்ளையாக இருந்தால் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். ஒட்டு இல்லாத கூரையின் பலவீனம் கனத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் பூச்சை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் ஒரு மி.மீ. கனம். அதில் திடப்பொருள் கன அளவில் 60 சதவீதம் என்றால் காய்ந்தபின் 0.6 மி.மீ. மிஞ்சும். ஒன்றரை மி.மீ. வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு இரண்டரை லிட்டர். நூறு சதுர மீட்டர் மாடிக்கு 250 லிட்டர். இருபது லிட்டர் வாளிகள் பன்னிரண்டு தீர்ந்து பதின்மூன்றாவதைத் திறந்தாக வேண்டும். நான்கு வாளியோடு வந்து ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனால் கூரையில் இருப்பது பெயிண்ட். நீர்த்தடுப்பு என்று அதைச் சொல்ல முடியாது. வாளிகளை எண்ண எந்தப் பொறியாளரும் வேண்டாம். இருந்தும் இந்தச் சரிபார்ப்பு பெரும்பாலும் நடப்பதில்லை.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. கட்டைக்குத்துக் கூரையில் காப்பும் வாட்டமும் பலம், தடுப்பு நடுத்தரம். தார் விரிப்பில் தடுப்பு பலம், காப்பு பலவீனம். வாட்டத்தை எந்தச் சவ்வும் தருவதில்லை; அதைக் கீழே இருக்கும் காரைதான் தர வேண்டும். அப்படியானால் சேர்த்துப் போடுவதே முறை. 1960களின் பிற்பகுதியிலிருந்து மேலைநாடுகளில் பரவிய தலைகீழ்க் கூரை இந்த எண்ணத்தைத் தெளிவாகச் செய்துகாட்டியது. வாட்டம் கொடுத்த தளத்தின் மேல் சவ்வு; சவ்வுக்கு மேல் தண்ணீர் குடிக்காத எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை, அதன் மேல் கூழாங்கல் அல்லது கான்கிரீட் பலகைகள். வெப்பத்தடுப்பு சவ்வுக்கு மேலே போய்விடுவதால் சவ்வு வெயிலையும் காணாது, பெரிய சூட்டு ஏற்ற இறக்கத்தையும் காணாது, காலடியும் படாது. அந்த நிழலில் மலிவான தார் விரிப்பும் நெடுநாள் உழைக்கும். நம் மாடிக்கு இதன் உள்ளூர் வடிவம் கடினமானதல்ல: தளத்தின் மேல் வாட்டக் காரை, அதன் மேல் சவ்வு, அதன் மேல் மெல்லிய மணல் காரையில் வெள்ளை மேற்பரப்புள்ள ஓடு. பல இடங்களில் சவ்வை மட்டமான தளத்தில் ஒட்டிவிட்டு, அதற்கு மேல்தான் வாட்டத்தை ஏற்றுகிறார்கள். ஓட்டுச் சந்து வழியே இறங்கும் தண்ணீர் அப்போது சவ்வின் மேல் போக்கிடமின்றித் தேங்கி நிற்கும்; எங்கோ ஒரு குழாய்த் துளையில் வழி கிடைக்கும்வரை பக்கவாட்டில் நகரும். கசிவு கூடத்தில், ஓட்டை மாடிப்படி ஓரத்தில் என்று ஆவது இதனால்தான். பொருள்கள் அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது, பலன் தலைகீழ்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: நீச்சல் குளமும் தண்ணீர்த் தொட்டியும் ஆண்டுமுழுதும் தண்ணீரைத் தாங்குகின்றனவே, நவீன வேதிப்பொருள் இருக்கும்போது வாட்டம் எதற்கு? தொட்டியின் நிலை வேறு. அது எப்போதும் நனைந்தே இருக்கிறது. வெப்பம் அதிகம் மாறுவதில்லை. வெயில் அதன் பூச்சின் மேல் நேராகப் படுவதில்லை. ஒரே துண்டாக, வெடிப்பு அகலத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்குக் கம்பி போட்டுக் கட்டப்படுகிறது. கூரையோ ஒரே நாளில் காய்ந்து, வெந்து, நனைந்து, குளிர்கிறது. பூச்சுகளைக் கொல்வது தண்ணீரைவிட இந்த மாற்றம்தான். தவிர, தேங்கிய இடத்தில் தூசி படியும், பாசி பிடிக்கும், வெள்ளைப் பூச்சு கறுத்துத் தன் பிரதிபலிப்பை இழக்கும். வாட்டம் மேற்பரப்பைச் சுத்தமாக வைத்துக் காப்பு வேலைக்கும் உதவுகிறது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: அப்படியானால் பழைய சுண்ணாம்புக் கூரைக்கே திரும்பலாமே? நூறு ஆண்டு நின்ற கூரைகளை மட்டும் நாம் பார்க்கிறோம். இடிந்து விழுந்தவை கணக்கில் வருவதில்லை. பத்து செ.மீ. ஜல்லிச் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 170 கிலோ. தார் விரிப்பு நான்கைந்து கிலோ. அந்த எடை அடித்தளம்வரை செலவு வைக்கும். நிலநடுக்கத்தில் அபாயமும் கூட்டும். கனமான கூரை பகலின் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் அறைக்குள் விடுவதும் உண்டு. படுக்கையறை மாடிக்குக் கீழே இருந்தால் இது சாதாரண விஷயமல்ல. பழைய கூரையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சுண்ணாம்பை அல்ல, வேலையைப் பிரித்துக் கொடுத்த அதன் ஒழுங்கையும் பொறுமையையும். மூன்றாவது மறுப்பு செலவு. மூன்று அடுக்கு ஒரு பூச்சைவிட விலை கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஒற்றைப் பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உரித்துப் புதுப்பிக்க வேண்டும். வாட்டக் காரையும் ஓடும் கட்டடத்தோடு வயதாகும். 1-க்கு 80 வாட்டம் நடப்பவர் காலுக்குத் தெரியாது என்பதால் மாடியின் பயன்பாடும் குறைவதில்லை.

தட்டைக் கூரையை ஒரு கொள்கையாகவே முன்வைத்த கட்டடக் கலைஞர் ல கோர்புசியே. அவர் வடிவமைத்து, பாரிஸுக்கு அருகில் 1931இல் முடிந்த வில்லா சவோய் இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கட்டடங்களில் ஒன்று. அதன் உரிமையாளரான சவோய் அம்மையார் கூடத்திலும் சாய்தளத்திலும் மழை ஒழுகுவதாக 1930களில் அவருக்குப் புகார்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கான்கிரீட் கிடைத்துவிட்டதால் சரிவு தேவையில்லை என்ற முடிவு எவ்வளவு சீக்கிரம் பரிசோதிக்கப்படும் என்பதற்கு அந்த வீடு சான்று. சிமென்ட்டை நம்பிய அந்த இடத்தில் இன்று பாலிமரை நம்புகிறோம், தர்க்கம் மாறவில்லை.

ஆகவே கூரை வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது பொருளின் பெயர் கடைசி வரியில் வந்தால் போதும். முதலில் எழுத வேண்டியவை எண்கள்: எத்தனைக்கு எத்தனை வாட்டம், குழாய் வாய் தளத்தைவிட எவ்வளவு தாழ்வு, சவ்வு சுவரில் எவ்வளவு உயரம் ஏறும், ஒட்டு எவ்வளவு அகலம், காய்ந்த கனம் எவ்வளவு, அதற்கு எத்தனை வாளி. சவ்வு போட்டபின், ஓடு பதிக்கும் முன், குழாய்களை அடைத்துப் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் கீழே சீலிங்கைப் பார்க்க வேண்டும். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு எங்கே தண்ணீர் தங்குகிறது என்று மேலே பார்க்க வேண்டும். முதல் பார்வை சவ்வைச் சோதிக்கிறது, இரண்டாவது வாட்டத்தை. இரண்டாவதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. இந்தச் சோதனைகளில் தேறிய கூரைக்கு எந்த நிறுவனத்தின் பூச்சு என்பது சிறிய கேள்வி. தேறாத கூரைக்கு எந்தப் பூச்சும் விடை ஆகாது. செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு வாட்டத்துக்கு, அடுத்தது மூலைகளுக்கும் குழாய் வாய்களுக்கும், மிச்சம் இருப்பதுதான் வாளிக்கு.